பிக்கார்டை முதலில் வெட்டுங்கள், பெயின்ட் அப்புறம்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நிறம் மாற்ற நினைப்பவர்கள் நேரே பெயின்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். பிக்கார்டும் (பாடியின் முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) புதிதாகச் செய்வதாக இருந்தால் வரிசை தலைகீழ். பிக்கார்டை வெட்டி, பாடிமேல் பொருத்திப் பார்த்து, திருகுத் துளைகளைப் போட்டு முடித்த பிறகுதான் முதல் கோட் பிரைமர். காய்ந்த லேக்கரில் (பளபளப்புப் பூச்சு) 2 மி.மீ. டிரில் பிட்டை வைத்தால் துளையின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உட்காரும் குழியை இரண்டு மி.மீ. அகலப்படுத்த வேண்டும் என்பது பாலிஷ் போட்ட பிறகு தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கே சொல்வது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டாருக்கு: நான்கு திருகில் நிற்கும் நெக், பாடியின் முகத்தில் பெரும்பகுதியை மூடும் பிக்கார்டு, அதன் அடியில் தொங்கும் பிக்கப்புகளும் சுவிட்சும் குமிழ்களும். 1970களுக்கு முந்தைய அசல் பெயின்டோடு ஒரு ஃபெண்டர் உங்கள் கையில் இருந்தால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடுங்கள். எவ்வளவு உரிந்திருந்தாலும் அந்தப் பழைய பூச்சுக்குத்தான் விலை.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சால்டர் இணைப்பையும் போட்டோ எடுங்கள். பிக்கார்டைப் பாடியோடு பிணைத்திருப்பவை பொதுவாக மூன்று ஒயர்கள்தான்: ஜாக்குக்குப் போகும் இரண்டு, பின்பக்க ஸ்பிரிங் கொக்கிக்குப் போகும் எர்த் ஒன்று. இந்த மூன்றையும் எடுத்தால் மொத்தமும் ஒரே துண்டாக வந்துவிடும். பிக்கார்டுத் திருகும் பிக்கப் திருகும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் மரை வேறு. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். இரண்டு தூண்மேல் நிற்கும் பிரிட்ஜ் (பாடிமேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பகுதி) என்றால் மரத்துக்குள் இறங்கியிருக்கும் உலோகக் குழல்களையும் எடுத்தாக வேண்டும். குழலுக்குள் ஒரு சிறு இரும்புத் துண்டைப் போட்டு, அதன்மேல் தூண் திருகை முறுக்கினால் குழல் தானாக மேலே ஏறி வரும். இடுக்கியால் நெம்பினால் மரம் பிளக்கும்.

பிக்கார்டு

முதலில் பொருள். ஃபெண்டர் 1954இல் போட்டது 8 திருகு வைத்த ஒற்றை அடுக்குத் தகடு. 1959இல் அது வெள்ளை-கறுப்பு-வெள்ளை என மூன்று அடுக்காகி, திருகும் 11 ஆனது. இன்று கிடைக்கும் மூன்றடுக்கு பி.வி.சி. தகட்டின் கனம் சுமார் 2.3 முதல் 2.5 மி.மீ. வெட்டவும் சாய்விளிம்பு எடுக்கவும் இதுதான் சுலபம். அக்ரிலிக் பளபளப்பாக இருக்கும், எந்த நிறத்திலும் கிடைக்கும். ஆனால் திருகை இறுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். 2 மி.மீ. அக்ரிலிக் வளையும், 3 மி.மீ. பருமனாகத் தெரியும். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் இரட்டை நிற ஏ.பி.எஸ். தகடு நல்ல மாற்று. அதில் 1.5 மி.மீ. வாங்காதீர்கள், பிக்கப்புகளின் எடையில் நடுவே தொய்ந்துவிடும்.

லேசர் கடையில் வெட்டக் கொடுப்பதாக இருந்தால் அக்ரிலிக் மட்டும் கொடுங்கள். பி.வி.சி.யை லேசரில் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் வாங்கவே மாட்டார். பழைய செல்லுலாய்ட் பிக்கார்டை அரம்போடவோ ரூட்டரில் வெட்டவோ கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும் சாமான்.

அடுத்து அச்சு. பழைய பிக்கார்டை வைத்து அப்படியே வரைவதுதான் எல்லோரும் செய்வது. அது சுருங்கியோ வளைந்தோ இருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்து வரும். கடையில் வாங்கும் பிக்கார்டிலும் இதே தொல்லை: அமெரிக்கத் தயாரிப்பின் திருகுத் துளைகள் ஆசியத் தயாரிப்புப் பாடியில் அநேகமாக ஒத்துவராது. அதனால் அளவை உங்கள் பாடியிலிருந்தே எடுங்கள். சிறுவயதில் நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தது நினைவிருக்கிறதா? அதேபோலப் பாடியின்மேல் பெரிய தாளை ஒட்டித் தேய்த்தால் குழிகளின் ஓரமும் பழைய துளைகளும் பதிந்துவிடும். அதன்மேல் புது வடிவத்தை வரையுங்கள். குழியின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. மூட வேண்டும். ஒவ்வொரு திருகின் அடியிலும் மரம் இருக்க வேண்டும், குழி அல்ல. இந்த இரண்டாவதை மறப்பவர்கள் நிறைய.

வரைந்ததை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். நெக்கையும் பிரிட்ஜையும் மாட்டி, இரு ஓரத்து ஸ்ட்ரிங்குகளை மட்டும் லேசான இழுவையில் கட்டி, அவை பிக்கப் காந்தங்களுக்கு நேர் மேலே ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு மி.மீ. விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். நெக்கின் அடிப்பகுதியைச் சுற்றி அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். சரியாக வந்த அட்டையை 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகைக்கு மாற்றி, அரத்தால் கோட்டைச் சுத்தமாக்குங்கள். அச்சில் இருக்கும் ஒவ்வொரு மேடுபள்ளமும் பிக்கார்டில் அப்படியே வரும் என்பதால் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

சில அளவுகள்: ஒற்றைச் சுருள் பிக்கப்பின் உறைக்குத் துளை சுமார் 18 × 70 மி.மீ., ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) சுமார் 40 × 70. அமெரிக்க அளவு பொட்டென்ஷியோமீட்டருக்கு (குமிழின் அடியில் இருக்கும் சுழல் மின்தடை) 10 மி.மீ. துளை, சின்ன ரகத்துக்கு 7 முதல் 8. ஐந்து நிலை சுவிட்சின் இரண்டு திருகுகளுக்கு இடையே 41 மி.மீ. சின்ன இறக்குமதி சுவிட்சுகள் மாறும், கையில் இருப்பதை அளந்து போடுங்கள்.

வெட்டுவதற்கு மைக்கா ஓரம் சீவத் தச்சர்கள் வைத்திருக்கும் டிரிம்மர் போதும். முதலில் வளைவு ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பிறகு எம்.டி.எஃப். அச்சைத் தகட்டின் பின்பக்கத்தில் டபுள் சைடு டேப்பால் ஒட்டி, கீழே பேரிங் உள்ள பிட்டால் அச்சை ஒட்டிச் சீவுங்கள். வெளிவிளிம்பில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, உள்துளைகளில் முள் போகும் திசை. மாற்றிப் போனால் பிட் தகட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடும். ஓரிடத்தில் நின்றாலும் ஆபத்துதான்: பி.வி.சி. உருகிப் பிட்டில் சுருண்டு, விளிம்பில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க முடியாத டிரிம்மர் என்றால் ஒரே மூச்சில் வெட்டாமல் மெலிதாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

சாய்விளிம்பு இல்லாத மூன்றடுக்கு பிக்கார்டு வெறும் பிளாஸ்டிக் தகடுபோலத்தான் இருக்கும். நடுவில் இருக்கும் கறுப்புக் கோட்டை வெளியே கொண்டுவருவதே அந்த 45 டிகிரி சாய்வுதான். அச்சைக் கழற்றாமல் 45 டிகிரி பிட்டை மாட்டி, அடியில் அரை மி.மீ. நேர்விளிம்பு மிஞ்சும் ஆழத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு பிளேடை விளிம்புக்குக் குறுக்கே நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால் பிட் விட்ட வரிகள் மறையும்.

திருகுத் துளை 3.2 மி.மீ. சாதாரண டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கடித்து விரிசல் விடும். அடியில் மரக்கட்டையை அண்டக் கொடுத்து, அழுத்தாமல் மெதுவாக இறக்குங்கள். திருகுத் தலை உட்காரும் கூம்புப் பள்ளம் அமெரிக்க அளவுத் திருகுக்கு 82 டிகிரி, மெட்ரிக் திருகுக்கு 90. அதன்பின் பிக்கார்டைப் பாடிமேல் வைத்து, மரத்தில் 2 மி.மீ. துளை போட்டு, மெழுகு தடவிய திருகுகளால் ஒருமுறை முழுதாக மாட்டிப் பாருங்கள். இடம் மாறிய பழைய துளைகளில் மரக்குச்சியைப் பசையோடு அடித்து அடையுங்கள். எல்லாம் பொருந்திய பிறகு பிக்கார்டைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடலாம். மேலே ஒட்டி வந்த பாதுகாப்புத் தாளை இப்போது உரிக்காதீர்கள்.

பழைய பூச்சைச் சுரண்டலாமா?

மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் மட்டும் சுரண்டுங்கள். கெட்டி நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சுரண்டுவது வெட்டிவேலை. இன்றைய விலை குறைந்த கிட்டார்களில் இருக்கும் பாலியெஸ்டர் பூச்சு கல்போல இருக்கும், அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. கனம். பெயின்ட் ரிமூவருக்கு அது அசைந்தே கொடுக்காது. அதைவிட உறுதியான அடித்தளம் உங்களுக்குக் கிடைக்கப் போவதும் இல்லை. பளபளப்பு முழுதாகப் போகும்வரை 320 எண் தாளால் தேய்த்து, சில்லு பெயர்ந்த இடங்களில் கார் பட்டி வைத்துச் சமப்படுத்தினால் போதும்.

சுரண்டியே தீர வேண்டும் என்றால் ஹீட் கன்தான் வழி. ஜன்னலைத் திறந்து, கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால் பூச்சு இளகும். உடனே தட்டைக் கரண்டியை அடியில் செருகித் தள்ளினால் ஓடு ஓடாக வரும். அவசரப்பட்டால் மரம் கருகும், இரண்டு மூன்று பலகை ஒட்டிய பாடியில் பசைக்கோடு திறந்துகொள்ளும். அடியில் இருப்பது அழகான ரேகையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. பல துண்டு ஒட்டிய மரத்தை மறைக்கத்தான் கம்பெனியே கெட்டி நிறம் அடிக்கிறது.

வெறும் மரத்தில் 120, 180, 220 என்று ரேகையோடு உப்புத்தாள் போடுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். பள்ளங்களில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் நசுங்கிய நார் எழும்பிவிடும். ஆஷ், மஹோகனி மரங்களுக்கு ரேகைத் துளைகளை அடைக்கும் ஃபில்லர் கட்டாயம். ஆல்டருக்கும் பாஸ்வுட்டுக்கும் சாண்டிங் சீலர் இரண்டு மூன்று கோட் போதும்.

பெயின்ட்

கார் பெயின்ட் கடைக்குப் போக வெட்கப்பட வேண்டாம். ஃபெண்டரின் அந்தக்கால விசேஷ நிறங்களே டூபான்ட் கார் பெயின்ட்தான். ஃபியஸ்டா ரெட் என்பது 1956 ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். 400 மி.லி. ஸ்பிரே டின் கணக்கில் ஒரு பாடிக்குப் பிரைமர் 1, நிறம் 2, கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) 2 அல்லது 3.

நெக் குழியில் ஒரு கட்டையை நெக் திருகுகளாலேயே முடுக்குங்கள். அது கைப்பிடியும் ஆகும், குழிக்குள் பெயின்ட் போகாமல் மறைக்கவும் செய்யும். குழியில் பெயின்ட் படிந்தால் நெக் இறுக்கமாகிச் சாய்வு மாறும், செருகும்போது ஓரப் பூச்சும் வெடிக்கும். பாடியை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, பிறகு மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு முறை, துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பழைய பாலிஷில் இருந்த சிலிக்கான் துளி மிஞ்சினாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண்போல வட்டப் பள்ளம் விழும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது நிரம்பாது. காயவிட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி துடைப்பதுதான் வழி.

20 முதல் 25 செ.மீ. தூரம், முதலில் பக்கவாட்டு ஓரங்கள், பிறகு முகம். பிரைமர் இரண்டு கோட், 400 எண்ணில் லேசாகத் தேய்ப்பு, பிறகு நிறம் மூன்று நான்கு மெல்லிய கோட், இடையே 10 முதல் 15 நிமிடம். முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதை ஒரே கோட்டில் மூட நினைப்பதால்தான் பெயின்ட் வழிகிறது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படியும். பூச்சு பால்போல வெளுக்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் விடியற்காலையும் மழைநாளும் ஆகாது. வெயில் ஏறிய பிறகு நிழலில் அடியுங்கள், நேர் வெயிலில் அடித்தால் குமிழி விடும். வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், ரிடார்டர் தின்னரை மெலிதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இன்னொன்று: சாதாரண எனாமல்மேல் என்.சி. லேக்கர் அடித்தால் தின்னர் அடிக்கோட்டைத் தின்று, பூச்சு சுருங்கிப் போகும். சந்தேகம் இருந்தால் பிக்கார்டு மறைக்கும் இடத்தில் அடித்துப் பாருங்கள். அந்த இடம் இதற்கென்றே இருப்பதுபோல.

கிளியர் 6 முதல் 8 கோட், நாளுக்கு மூன்றுக்குமேல் வேண்டாம். என்.சி. என்றால் அதன்பின் மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்துத் தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர் இரண்டே நாளில் இறுகும், கீறலும் தாங்கும். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. துணி முகமூடிக்கோ தூசி முகமூடிக்கோ அது அடங்காது. ஆவி வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் இல்லையென்றால் அந்த வேலையைக் கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இறுகிய பிறகு ஒரு சொட்டுச் சோப்பு கலந்த தண்ணீரில் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர். தாளை ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஓரங்களை 2000க்கு முன் தொடாதீர்கள், நான்கு இழுப்பில் நிறம் வரை போய்விடும். திருகுத் துளைகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, துளையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் மெழுகை அழுத்தி அடைத்துவிடுங்கள். கடைசியாக ரப்பிங் காம்பவுண்ட், பிறகு சிலிக்கான் இல்லாத பாலிஷ்.

மாட்டுவது

எந்தத் திருகையும் முறுக்குவதற்கு முன் கூம்பு பிட்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு துளையின் வாயிலும் பூச்சை ஒரு மயிரிழை விலக்குங்கள். இல்லாவிட்டால் திருகு மரை பூச்சைத் தூக்கிக்கொண்டு எழும்பும். பிக்கார்டின் அடிப்பக்கத்தில் அலுமினியம் அல்லது செம்பு டேப் ஒட்டி, பொட்டென்ஷியோமீட்டர்களின் உலோக உடல் அதைத் தொடுமாறு மாட்டினால் இரைச்சல் குறையும். குழிக்குள்ளும் டேப் ஒட்டினால் ஒரு நாக்கை மேல்விளிம்பில் மடித்துவிடுங்கள், பிக்கார்டு அதன்மேல் அழுந்தி எர்த் ஆகிவிடும். பாதுகாப்புத் தாளை உரித்ததும் விரல் பட்டால் ஆம்பில் படபடவென்று சத்தம் வரும். அது தாளை உரித்ததில் ஏறிய நிலைமின்சாரம், ஒயரிங் தப்பு அல்ல. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அடங்கும்.

என்.சி. லேக்கர் அடித்த கிட்டாரை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். ரப்பர் தொடும் இடத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.