நிறுவனம் என்ற கட்டம்

ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பும் இணையப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், முகவரி எல்லாம் நிரப்பிவிட்டு 'நிறுவனம்' என்ற கட்டத்தில் வந்து நின்றேன். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் நகராது. நான் வேலை பார்ப்பது திருச்சியில் ஓர் இரும்புக் கடையில், கணக்கு எழுத. அந்தப் பெயரைப் போட்டால் முதலாளியே சிரிப்பார். பட்டியலின் அடியில் 'மற்றவை' இருந்தது. அதைத் தட்டி 'தனி ஆய்வாளர்' என்று அடித்தேன்.

ஆய்வு என்றால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் நிற்கும் குமிழித்தூம்புகள், தண்ணீர் திறந்துவிடும் பழைய கல்மதகுகள். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், இடையே குறுக்குச் சட்டங்கள், அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேலே நீரோடித்துளை, கீழே சேறோடித்துளை. அடைப்பைத் தூக்கினால் மேல்துளையில் தண்ணீர் இறங்கும்; அந்த இழுப்பில் வண்டலும் கீழ்த்துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கும் அளவு நாடாவுமாக மூன்று வருடம் அலைந்து 19 தூம்புகளை அளந்தேன்.

எந்த நிறுவனத்திலும் இல்லாமல் ஆய்வு செய்கிறேன் என்றால் உடனே "ராமானுஜன் எந்தக் காலேஜில் இருந்தார்?" என்பார்கள். சரிதான். 1911-இல் அவருடைய முதல் கட்டுரை வந்தபோது அவருக்கு நிலையான வேலைகூட இல்லை. ஆனால் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு ஒரு கட்டுரையைப் படிப்பதே பெரும்பாடு. ஆய்விதழ்கள் பலவும் சந்தா கட்டினால்தான் திறக்கும். அந்தச் சந்தாவை அரசே கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் வந்தது: மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு மையங்களுக்கும்தான் அது. இரும்புக் கடைக்குக் கிடையாது. ஆகவே கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுப் பிரதி கேட்பேன். பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள், நல்ல மனிதர்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட்டும் இலவசம்தான். 16 இலக்கம், எந்த நிறுவனமும் வேண்டாம். அளவுகளின் அட்டவணையை ஸெனோடோவில் ஏற்றினேன். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துகிற தளம், யார் போட்டாலும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும்.

இதற்கு முன் ஒரு சறுக்கலும் உண்டு. ஓர் இதழுக்கு வியாழக்கிழமை அனுப்பினேன்; சனிக்கிழமை 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. மதிப்பீட்டுக் குறிப்பு ஒரு வரி இல்லை, பணம் கட்ட வேண்டிய கணக்கு எண் மட்டும் தெளிவாக இருந்தது. வீட்டில் இனிப்பு வாங்கிவிட்டேன். காசுக்காக எதையும் ஏற்கிற இதழ் என்பது அப்புறம்தான் உறைத்தது. பில் பார்த்தே பிழைக்கிறவன், எனக்கு இரண்டு நாள் ஆயிற்று!

இரண்டாவது இதழில் ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்த மதிப்பீட்டாளர் ஒரே கேள்வியில் என்னைக் கவிழ்த்துவிட்டார்: "தூணின் உயரத்தை எங்கிருந்து அளந்தீர்கள்?" தரையிலிருந்துதான். எந்தத் தரை? நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படிந்து மேடேறிய தரை. ஒரு கண்மாயில் ஓர் ஆள் உயரத்துக்கு மண், இன்னொன்றில் முழங்கால் அளவு. நான் ஒப்பிட்டது தூண்களை அல்ல, மண்ணை.

மூன்று வருடத்தில் என்னிடம் இதைக் கேட்க ஆளில்லை. கல்லூரியில் இருந்திருந்தால் டீக்கடைக்குப் போகிற வழியில் பக்கத்து மேசைக்காரர் கேட்டிருப்பார். வெளியாள் என்பதில் எனக்குக் குறை அதுதான். பெயருக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகம் இல்லாதது அவ்வளவாக உறுத்தவில்லை.

உயர ஒப்பீட்டை முழுதாக வெட்டினேன். தொட்டி வெளியே தெரிகிற தூம்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன். 19-இல் ஏழுதான் தேறியது. வைகாசியில் கண்மாய் வற்றியதும் அந்த ஏழுக்கும் மறுபடி போய்த் துளைகளின் விட்டத்தை அளந்தேன். நன்றிக் குறிப்பில் மதிப்பீட்டாளரின் பெயரைப் போட ஆசை. பெயர்தான் தெரியாது.

திருத்தி அனுப்பியாயிற்று. மார்ச் கணக்கு முடிக்கிற அவசரத்தில் மறந்தே போனேன். நேற்று இரவு கடை அடைத்தபின் பார்த்தேன். 'மதிப்பீட்டில்' என்றே காட்டுகிறது.