"மா"வைச் சேர்த்து எழுதுங்கள்

எங்கள் ஊரில் குழந்தையைக் குடும்பப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா, வயலுக்குக் கடன் வாங்க வேண்டுமா, கோயிலில் தீமிதி வைக்க வேண்டுமா, எதுவானாலும் முதலில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மர பெஞ்சு, சுவரில் மங்கிப்போன நில வரைபடம். அதுதான் எங்கள் சேயுவா ஓசு அலுவலகம். நான்கைந்து கிராமங்களைச் சேர்த்துக் கட்டிய கொத்துக்கு பர்மாவில் அந்தப் பெயர்.

தமிழ்நாட்டிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் இதை "உங்க ஊர் பஞ்சாயத்து" என்கிறார்கள். பஞ்சாயத்து இல்லை. எங்களுக்கு வார்டு உறுப்பினர் கிடையாது, கூட்டத் தீர்மானம் கிடையாது, சொந்த வரவு செலவும் கிடையாது. ஒரு தலைவர் இருக்கிறார், ஒரு எழுத்தர் இருக்கிறார், ஒரு முத்திரை இருக்கிறது. தலைவருக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. நாங்கள் எல்லோரும், மோன்காரர்களும் பர்மியரும் தமிழரும், பழைய பெயரால் தூஜி என்றே கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரன் காலத்து ஊர்த் தலைவருக்கும் அதே பெயர்தான். 1907-இல் அவன் போட்ட கிராமச் சட்டம் 2012 வரைக்கும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2012-இல்தான் புதுச் சட்டம் வந்தது.

தூஜிக்கு மேலே மியோநே. தமிழ்நாட்டுக் கணக்கில் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் 330 மியோநே. எங்கள் மோன் மாநிலத்தில் 10. அதற்கு மேலே மாவட்டம், அதற்கு மேலே மாநிலம், எல்லாவற்றுக்கும் மேலே தலைநகர் நேப்பிடோ. மியோநே நிர்வாகி பொது நிர்வாகத் துறை ஊழியர். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்விடுவார். எங்கள் எழுத்தரும் அதே துறையின் கடைசிப் படியில் சம்பளம் வாங்குகிறவர்தான். தூஜி மட்டும் ஊர்க்காரர். இந்த ஏணியில் நம் முகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நகரத்தில் சீபின் என்கிற நகராட்சிக் குழு இருக்கிறது. குப்பை, தெரு விளக்கு, சந்தை எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். அந்தக் கை நகர எல்லையோடு நின்றுவிடும். கிராமத்தில் சாலையில் பள்ளம் விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று நாங்களே வசூல் செய்து செம்மண் கொட்டுவோம். நாடாளுமன்றம் நடந்த காலத்தில் ஒரு மியோநேவுக்கு ஆண்டுக்கு 10 கோடி கியாட் என்று தொகுதி நிதி வந்தது. எங்கள் சிறு பாலம் ஒன்று அந்தப் பணத்தில் கட்டியதுதான். அதற்கும் மனு எழுதி, தூஜி கையெழுத்து வாங்கி, மேலே அனுப்பினோம்.

எதற்கும் கீழேயிருந்து ஒரு தாள் ஏற வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் தவுக்கன்சா. "இவர் எங்கள் ஊரில் குடியிருக்கிறவர், நல்லவர், சொல்வது உண்மை" என்று ஊர் தரும் சான்று. இந்த ஒரு தாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

என் அம்மா பெயர் மாரியாயி. பர்மிய மொழியில் இளம் பெண்ணின் பெயருக்கு முன்னால் "மா" போடுவார்கள், வயதானால் அந்த "மா" போய் "தோ" வரும். எப்போதோ குடும்பப் பட்டியலைப் புதிதாகப் படியெடுத்தபோது, எழுதியவர் அம்மாவின் பெயரில் இருந்த "மா"வை மரியாதைச் சொல் என்று நினைத்துப் பிரித்துவிட்டார். பர்மியர் வாயில் "ர" பெரும்பாலும் "ய" ஆகிவிடும். அப்படியே மா யீயாயி ஆனார். அடுத்த முறை படியெடுத்தபோது வயது கூடியிருந்ததால் "மா" உதிர்ந்து தோ யீயாயி. பெற்றவர்கள் அம்மனை நினைத்து வைத்த பெயரில் பாதி இப்படிக் காணாமல் போனது. அம்மாவுக்குப் பர்மியம் பேச வரும், படிக்க வராது. யாருக்கும் தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிட்டன.

தெரிந்தது 2013-இல். அதற்கு முந்தைய வருடம் புது விவசாய நிலச் சட்டம் வந்து, உழுகிறவர் பெயரில் ஏழாம் நம்பர் படிவம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அது இருந்தால்தான் விவசாய வங்கியில் நெல்லுக்குக் கடன் கிடைக்கும். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். ஆறு ஏக்கரை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்ற மப்பொந்தின் வேண்டும், அதாவது குடியுரிமை அட்டை. அம்மாவிடம் இருந்தது பழைய மூன்று மடிப்பு அட்டை. ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு ரோஸ் என்று 1950-களில் கொடுக்க ஆரம்பித்தது. மரப்பெட்டிக்குள் கரையான் ஏறி அதில் பாதியைத் தின்றிருந்தது. படத்தில் நெற்றியும் பொட்டும் மிச்சம். நம்பர் இருந்த இடத்தில் ஓட்டை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக் குடியுரிமைக்கு ரோஸ் அட்டை, இணைக் குடியுரிமைக்கு நீலம், பின்னால் குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. எங்களைப் போலக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த நிறம் கையில் வரும் என்பது பெரிய கவலை. தாத்தா, பாட்டி எப்போது வந்தார்கள், என்ன தாள் வைத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் தோண்டுவார்கள். 1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி எத்தனையோ பேர் கப்பலேறிப் போனபோது, நட்ட நெல்லை விட்டு வரமாட்டேன் என்று இங்கேயே இருந்தவர் என் தாத்தா. அவர் இருந்ததற்கு வயல் சாட்சி, ஆனால் வயல் வாய் திறந்து பேசாதே.

முதலில் பத்து வீட்டுத் தலைவரிடம் போனோம். அப்போது பத்துப் பத்து வீடாகப் பிரித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2012 சட்டப்படி அந்தத் தலைவர்கள் எல்லாரும் கூடி ரகசிய வாக்கில் தூஜியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து வீட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று நடந்ததால் ஓட்டுப் போடப் போனவர்கள் அநேகமாக ஆண்கள்தான். நாடு முழுவதும் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட தூஜிகளில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இருந்ததில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். தவுக்கன்சா கேட்டு அந்த பெஞ்சில் காத்திருக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தானே.

எங்கள் பத்து வீட்டுத் தலைவர் மோன்காரர், ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். பால் உறைந்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மாவைப் பார்த்து, "அக்கா, உங்களைச் சின்ன வயதிலிருந்து மாரியாயி என்றுதானே கூப்பிடுகிறேன், யீயாயி யார்?" என்றார். கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி.

அப்புறம் எழுத்தர். அவர் இளம் பெண், வெளியூரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாங்கள் மரியாதையாகச் சயாமா என்று கூப்பிடுவோம். அவர் கோபப்படவில்லை, சலித்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மாரியாயி என்று ஒரே சொல்லாக எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்துப் போட்டு, யீயாயி என்று எழுதினார். அந்த எழுத்து பர்மிய "க". "என்றும் அழைக்கப்படும்" என்று அர்த்தம். பர்மாத் தமிழர் நிறையப் பேரின் தாள்களில் அந்தக் "க" இருக்கும், வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயருமாக வளர்ந்தவர்கள் நாங்கள். கீழே ஒரு வரி: இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே. தூஜி வாசித்துப் பார்த்து, ஊதா மையில் முத்திரையை அழுத்தினார். அம்மா அந்த ஈர முத்திரையைத் தொடப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, முடிந்தது என்று லைன் காரில் மியோநே அலுவலகத்துக்குப் போனோம். குடிவரவுத் துறையை இங்கே லவக என்பார்கள். பழைய அட்டையின் நம்பர் இல்லாமல் பதிவேட்டில் தேட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறையும் அதே பதில். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது.

நம்பர் கிடைத்தது தாத்தாவின் கணக்கு நோட்டில். நெல் மூட்டைக் கணக்குக்கு நடுவில் ஒரு பக்கத்தில் வீட்டில் எல்லோருடைய அட்டை நம்பரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார், எல்லாம் தமிழ் இலக்கத்தில். ௩ எது, ௫ எது என்று எனக்கே தடுமாறியது. சிறுவயதில் கோயில் பள்ளியில் கற்றுக்கொடுத்த வாத்தியாரை மனதில் நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பர்மிய எண்ணில் மாற்றி எழுதினேன். லவக அதிகாரி நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் பழுப்பேறிய தடிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம்பர் இருந்தது. பெயர் ஒரே சொல்லாக, மாரியாயி. தாத்தாவின் பெயர் அதற்கு நேரே.

நான்கு மாதம் கழித்து அட்டை வந்தது. 10 என்ற எண்ணில் தொடங்கும், மோன் மாநிலத்து எண் அது. நிறம் ரோஸ். அந்த வருடம் மழைக்கு முன்னால் ஏழாம் நம்பர் படிவமும் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-இலிருந்து தூஜியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். வெளியூர் ஆள் இரவு தங்கினால் பெயர் கொடுக்க வேண்டும் என்ற விதியை 2016-இல் எடுத்தார்கள், 2021 பிப்ரவரியில் அது திரும்ப வந்தது. தீமிதிக்கு ரங்கூனிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்தால் சாப்பாடு போடுவதற்கு முன்னால் பட்டியல் எழுதுகிறேன். நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஒருவரிடம் போய் நிற்பதற்கும், மேலேயிருந்து வைத்த ஒருவரிடம் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்பு அந்த பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்போம். இப்போது காரியத்தை மட்டும் சொல்கிறோம். ஆனாலும் தவுக்கன்சா இல்லாமல் எதுவும் நகராது, அது மாறவில்லை.

அம்மாவின் அட்டை வேலை முடிந்ததிலிருந்து ஊரில் யாருக்குத் தாள் தேவைப்பட்டாலும் என்னிடம் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் இதற்கு. முதலில் எல்லாத் தாளையும் பரப்பி வைத்து, பெயர் ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்ப்பேன். தாத்தாவின் அட்டை நம்பரை நோட்டில் எழுதச் சொல்வேன். தமிழ் இலக்கத்திலும் எழுதச் சொல்வேன், அது என் ஆசை.

பத்து வயதில் முதல் அட்டை எடுக்கலாம், பதினெட்டில் மாற்ற வேண்டும். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் பேத்திக்குப் பத்து முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். இப்போது இருக்கும் எழுத்தரும் ஒரு சயாமாதான், புதியவர். படிவத்தை எடுத்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். "மாதவி" என்றாள் அவள்.

எழுத்தர் "மா" என்று எழுதி, சிறிது இடம் விட்டார்.

"சயாமா, இடம் விடாதீர்கள்," என்றேன். "அது அவள் பெயர்தான். சேர்த்து எழுதுங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.