கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத தழைச்சத்து: பனியாற்று விளிம்பிலிருந்து எரிமலைத் தீவு வரை

ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்று முழுவதையும் எடை போட்டால், அதில் நைட்ரஜன் மட்டும் ஏறக்குறைய 7.8 டன் தேறும். அதே ஒரு சதுர மீட்டரில் வளரும் செடிகளுக்கு ஓராண்டுக்கு வேண்டியது சில கிராம். செழித்த காடாக இருந்தாலும் பத்து, இருபது கிராமில் அடங்கிவிடும். அப்படியிருந்தும் உலகின் பெரும்பாலான நிலங்களில் செடிகள் ஏங்கி நிற்பது இந்தச் சத்துக்குத்தான். தழைச்சத்து, அதாவது செடி உண்ணும் வடிவில் நைட்ரஜன், இட்டுப் பார்த்த 126 சோதனைகளை 2008இல் ஒன்றாகத் தொகுத்தபோது, வளர்ச்சி சராசரியாக 29 சதவீதம் கூடியது தெரியவந்தது.

காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. எந்தச் செடியாலும் தானாக அதை உடைக்க முடியாது. சில பாக்டீரியாக்களால் முடியும், ஆனால் செலவு அதிகம். ஒரு மூலக்கூறைப் பிரிக்க உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு குறைந்தது 16 எரிய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதியோ ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். இந்தக் கட்டுப்பாடு நிலத்துக்கு நிலம் எப்படி வேறுபடுகிறது என்பதை ஆய்வகத்துக்குப் போகாமலே கண்ணால் பார்க்கலாம். அதற்கான சில இடங்களைப் பயண வரிசையில் தருகிறேன்.

பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு கத்தி, மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் தாள் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்), அளவு நாடா இருந்தால் போதும். கண்ணுக்கு முன்கூட்டியே ஒரு பயிற்சியும் வேண்டும். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்ததும் செடி கிழட்டு இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும், புல் இனங்களில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் இறங்கும். குருத்து முதலில் வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த அடையாளம் வயலில்தான் நன்றாகத் தெரியும். காட்டுச் செடி மஞ்சளாகிக் காட்டுவது அபூர்வம். கிடைப்பதற்கு ஏற்ப அது உடம்பைச் சுருக்கிக்கொண்டு, இலையைத் தடிப்பாக்கி, அந்த இலையையே பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளும். பசுமையாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறுகிற இடம் இதுதான்.

கிளேசியர் பே, அலாஸ்கா

1794இல் ஜார்ஜ் வான்கூவரின் கப்பற்குழு இங்கே வந்தபோது விரிகுடா என்று சொல்ல எதுவும் இல்லை, வாய்வரை பனி அடைத்திருந்தது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் படகில் வந்தபோது பனி 70 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று வாயிலிருந்து உச்சிவரை சுமார் 100 கிலோமீட்டர் நீர்வழி. குஸ்டாவஸ் ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது, விமானத்திலோ படகிலோதான் வர வேண்டும். அங்கிருந்து பார்ட்லெட் கோவ், பிறகு கோடையில் ஓடும் பகல் படகு. பார்ட்லெட் கோவில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இருண்ட காடு, படகு முடியும் இடத்தில் வெறும் கல். இருநூறு ஆண்டுக்கும் மேலான மண்ணின் வயதை ஒரே பகலில் பின்னோக்கிக் கடக்கிறீர்கள்.

பனி அண்மையில் விட்ட தரையில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள், 8ஐ ஒட்டி வரும். பனியாறு அரைத்த கல்மாவில் சுண்ணாம்பு உண்டு, பாஸ்பரஸ் உண்டு, பொட்டாசியம் உண்டு. தழைச்சத்து மட்டும் ஏறக்குறைய இல்லை, ஏனென்றால் இந்தப் பாறைகளில் அது இல்லை. முதலில் கருமையான பாசிப்படலம் படரும், பிறகு பாய் விரித்ததுபோல் டிரயாஸ் செடி. அதற்குப் பின் ஆல்டர் புதர்கள். டிரயாஸ், ஆல்டர் இரண்டின் வேரிலும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது.

பூங்கா எல்லைக்குள் செடியைப் பிடுங்கக் கூடாது. ஓடை அரித்த கரையில் ஆல்டர் வேர் தானாகவே வெளியே தொங்கும், அங்கே குனிந்து பாருங்கள். பவளக்கொத்துபோல் கிளைத்துக் கிளைத்துக் கெட்டியான முடிச்சுகள் இருக்கும், பழையவை சுண்டைக்காயைவிடப் பெரிதாகவே வளரும். பயறு வகைகளின் வேர்முடிச்சு இப்படி இராது. அது உருண்டையாக, மெத்தென்று இருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஆக்சிஜனை அளந்து விடும் லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. பச்சையோ பழுப்போ தெரிந்தால் முடிச்சு வேலை முடிந்து ஓய்ந்துவிட்டது. இந்த நிறச் சோதனையை ஆல்டரில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இலையுதிர் காலத்தில் போனால் இன்னொன்றும் தெரியும். ஆல்டர் இலை பச்சையாகவே விழும். உதிர்க்கும்முன் சத்தை உருவிக்கொள்ளும் அவசியம் அதற்கு இல்லை. அந்த இலை மக்கித்தான் மண்ணில் தழைச்சத்து ஏறுகிறது. கூடவே சுமார் அரை நூற்றாண்டில் பிஎச் 8இலிருந்து 5 அளவுக்கு இறங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இளம் நிலம், முதிய நிலம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எல்லா இடமும் இதே படிகளில்தான் ஏறும் என்று முடிவு கட்டக் கூடாது. வாய்ப்பக்கத்துப் பழைய காடு அடர்ந்த ஆல்டர் கட்டத்தைத் தாண்டி வந்ததல்ல என்பதை மரவளையங்கள் காட்டிவிட்டன. சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் குறித்துவைத்த சிறு பாத்திகளை நூறாண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, பாடப்புத்தகம் எதிர்பார்த்த ஸ்புரூஸ் காடு அங்கே எழுந்திருக்கவில்லை, வில்லோவும் ஆல்டருமே ஆண்டுகொண்டிருந்தன. ஆல்டர் ஊட்டவும் செய்கிறது, நிழலாலும் வேர்ப்போட்டியாலும் ஸ்புரூஸ் கன்றை அமுக்கவும் செய்கிறது. எது மிஞ்சும் என்பது விதை வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தது.

டூலிக் ஏரி, அலாஸ்கா

ஃபேர்பேங்க்ஸிலிருந்து வடக்கே 590 கிலோமீட்டர், பெரும்பகுதி டால்டன் நெடுஞ்சாலை. கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் அடுத்த எரிபொருள் 386 கிலோமீட்டர் தள்ளி டெட்ஹார்ஸில்தான். டூலிக் ஆய்வு நிலையத்தில் பயணிகளுக்குத் தங்கலும் கிடையாது. டாங்கை நிரப்பாமல் போகாதீர்கள்.

துந்திரா எனப்படும் இந்த மரமில்லாத உறைநிலத்தில் பிரச்சினை கிளேசியர் பேக்கு நேர் எதிரானது. மண்ணுக்குள் தழைச்சத்து குவிந்து கிடக்கிறது, மக்காத இலையும் வேருமாக. கோடையில்கூட மேலே அரை மீட்டர்வரைதான் உருகும், அதுவும் குளிர்ந்த ஈரம். நுண்ணுயிர் மெதுவாக மென்று, கிடைத்ததில் பெரும்பங்கைத் தன் உடம்புக்கே வைத்துக்கொள்கிறது. கையிருப்பு மலைபோல் இருந்தும் ஆண்டுக்கு அவிழ்வது துளிதான். அதனால் இங்குள்ள பருத்திப்புல், அமோனியமாக உடையும்வரை காத்திராமல் அமினோ அமிலங்களையே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. செடி கனிம உப்பைத்தான் உண்ணும் என்ற பழைய பாடத்தை 1993இல் திருத்தியது இந்தப் புல்தான்.

1981இலிருந்து இங்கே சில பாத்திகளுக்கு ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்தும் 5 கிராம் பாஸ்பரஸும் இட்டு வருகிறார்கள். குட்டை பிர்ச் எழுந்து நின்று பாசியையும் புல்லையும் மூடிவிட்டது. தரைக்கு மேலே வளர்ச்சி கூடியது, ஆனால் அடிமண் மக்குவது அதைவிட வேகமாகிவிட்டது. இருபது ஆண்டுக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ கார்பன் நிலத்தைவிட்டுப் போயிருந்தது. சத்து இட்டால் நிலம் கார்பனைச் சேர்க்கும் என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை அவசியம் பார்க்க வேண்டும்.

ரோதம்ஸ்டெட் புல்வெளி, இங்கிலாந்து

ஹார்பென்டனில் 1856இல் தொடங்கிய பார்க் கிராஸ் சோதனை இன்றும் நடக்கிறது. ஒரே புல்வெளி, நீள நீளமான பாத்திகள். எதுவும் இடாத பாத்தியில் புல் குட்டை, இனங்கள் நாற்பதை ஒட்டி. பாஸ்பரஸும் பொட்டாசியமும் மட்டும் இட்ட பாத்தியில் சிவப்பு கிளோவர் போன்ற பயறு வகைகள் பொங்கி நிற்கும். தழைச்சத்தைத் தானே பிடிக்கத் தெரிந்தவைக்கு மற்ற இரண்டும் கிடைத்தால் போதும். அமோனியம் சல்பேட் ஹெக்டேருக்கு 144 கிலோ தழைச்சத்துக் கணக்கில் வாங்கிய, சுண்ணாம்பு இடாத பாத்தியில் இனங்கள் விரல்விட்டு எண்ணலாம், பிஎச் 4க்கும் கீழே. சோடியம் நைட்ரேட் வடிவில் தழைச்சத்து வாங்கிய பாத்தியில் அந்தப் புளிப்பு இல்லை. எவ்வளவு இட்டோம் என்று மட்டும் எழுதிவைத்து, எந்த வடிவில் இட்டோம் என்பதை விட்டுவிட்ட சோதனைக் குறிப்புக்குப் பயன் பாதிதான்.

மழைநீரை மட்டும் நம்பிய பீட் (மக்காமல் குவிந்த தாவர எச்சம்) சதுப்பு நிலம் வழியில் வந்தால் நின்று தரையைப் பாருங்கள். அழுகண்ணியின் இலைப் பசையில் சிறு பூச்சி ஒட்டியிருக்கும். வேர் தர முடியாத தழைச்சத்தை அது இலையால் தேடுகிறது.

பாலைநிலத்தில் முதல் தடை தண்ணீர்தான். மேலே சொன்ன 126 சோதனைத் தொகுப்பில் தழைச்சத்துக்குத் தெளிவான பலன் காட்டாத ஒரே வகை அதுதான். நல்ல மழை பெய்த ஆண்டில் மட்டும் தழைச்சத்து தடையாக முன்னுக்கு வரும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் கரடுமுரடாகக் கறுத்த மண்தோலைப் பார்க்கலாம். நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பின்னிய அந்தத் தோல்தான் அந்நிலத்துக்குத் தழைச்சத்து தரும் முக்கிய வழி. ஒரு காலடியில் நொறுங்கும், மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேலோ வறண்ட ஓடை மணலிலோ மட்டும் நடங்கள்.

உங்கள் நிலத்திலேயே பார்க்க

சொந்த நிலமோ எழுத்தில் அனுமதியோ இருந்தால் சிறு சோதனை செய்யலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு பிடி உரம்கூடப் போடக் கூடாது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்திகள், நடுவே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி. எதுவும் இடாதது, தழைச்சத்து மட்டும், பாஸ்பரஸ் மட்டும், இரண்டும் சேர்ந்தது என நான்கு வகை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பாத்தி, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்து என்றால் யூரியா 22 கிராம். 5 கிராம் பாஸ்பரஸ் என்றால் டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் 25 கிராம். காய்ந்த, சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் மேல் யூரியாவைத் தூவினால் அமோனியாவாகப் பறந்துவிடும், பிறகு பலன் இல்லை என்று தவறாக எழுதுவீர்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அதே அளவு தண்ணீரை எதுவும் இடாத பாத்திக்கும் ஊற்றுங்கள், இல்லையென்றால் நீங்கள் அளப்பது தண்ணீரின் பலனை. வளர்ச்சி உச்சத்தில் பாத்தியின் நடுவிலிருந்து மட்டும் தரையோடு அறுத்து, 65 டிகிரியில் 48 மணிநேரம் உலர்த்தி எடை போடுங்கள்.

எதிர்த்திசைச் சோதனையும் உண்டு. மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நானூறு பங்குவரை கார்பன் இருக்கும். அந்த விகிதம் ஏறக்குறைய 25ஐத் தாண்டினாலே நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். மரத்தூளைக் கலந்ததும் செடி வெளுத்தால், அது ஏற்கெனவே விளிம்பில்தான் இருந்தது.

பாத்தி போட வழியில்லையென்றால் முதிர்ந்த இலையை ஆய்வகத்துக்கு அனுப்பி நைட்ரஜன்–பாஸ்பரஸ் எடை விகிதம் கேளுங்கள். 14க்குக் கீழே என்றால் தழைச்சத்துத் தடை, 16க்கு மேல் என்றால் பாஸ்பரஸ் தடை. ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் பிறந்த அளவுகோல் இது. வேறிடத்தில் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

ஹவாய்

கடைசியில் இங்கே வருவதற்குக் காரணம் இருக்கிறது. தீவுகள் வரிசையாக எரிமலையில் பிறந்தவை. கிலாவேயா எரிமலையின் உச்சியருகே தர்ஸ்டன் பகுதியின் மண்ணுக்கு வயது சுமார் 300 ஆண்டு, கவாய் தீவின் கோக்கீயில் சுமார் 41 லட்சம் ஆண்டு. இரண்டு ஆய்வுத் தளங்களும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், 2,500 மில்லிமீட்டர் மழை, இரண்டிலும் ஆளும் மரம் ஒன்றே, ஓஹியா. மண்ணின் வயது மட்டும் மாறுகிறது. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு வேறெங்கும் கிடைப்பது கடினம்.

செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலையில் 1969 முதல் 1974 வரை ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின்மேல், விரிசல்களில் முழங்கால் உயர ஓஹியா நிற்கும். எரிமலைப் பாறையில் பாஸ்பரஸ் உண்டு, தழைச்சத்து இல்லை. தர்ஸ்டனில் தழைச்சத்து இட்டபோது மரம் பருத்தது, பாஸ்பரஸ் மட்டும் இட்டபோது அசையவில்லை. கோக்கீயில் அப்படியே தலைகீழ். அங்கே பாஸ்பரஸுக்குத்தான் மரம் பருத்தது.

இளம் நிலத்தில் இந்தப் பஞ்சமே ஒரு வேலியாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் கொண்டுவந்த ஃபயா மரம், வேரில் பிராங்கியாவைச் சுமந்து வந்து அந்த வேலியைத் தாண்டிவிட்டது. அது பரவிய இடத்தில் நிலத்துக்குள் வரும் தழைச்சத்து நான்கு மடங்குக்கும் மேல் கூடியது. ஏழை மண்ணுக்குப் பழகிய உள்ளூர்ச் செடிகளின் இடத்தில் இப்போது செழிப்பை விரும்பும் வெளிச்செடிகள் நுழைகின்றன. ஓஹியாவைக் கொல்லும் பூஞ்சை நோயும் மண்ணோடு காலணியில் பயணிக்கிறது. ஒவ்வொரு பாதைத் தொடக்கத்திலும் தூரிகை வைத்திருந்தால் மண்ணைத் தேய்த்துவிட்டு மருந்து தெளித்துக்கொண்டு ஏறுங்கள், இறங்கும்போதும் அப்படியே.

கோக்கீயில் பாதையோரம் வெட்டுண்ட மண்சுவரைப் பாருங்கள், துருப்பிடித்த சிவப்பு. 41 லட்சம் ஆண்டு மழை கழுவியதில் பாறையின் பாஸ்பரஸ் போய்விட்டது. மிஞ்சியதை இரும்பும் அலுமினியமும் கட்டிவைத்திருக்கின்றன. தழைச்சத்து இப்போது பஞ்சமில்லை, ஓடைநீரில் வழிந்தே போகிறது. அந்த மரங்கள் நம்பியிருக்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு, 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆசியாவின் பாலைவனங்களில் கிளம்பிக் கடல் கடந்து வந்து மழையோடு இறங்கும் தூசி.