சதுர அடைப்புக்குள் பெயர் வைத்த கதை

பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு மழைமானி. இந்த அட்டவணைதான் ஒரு நிரல்மொழியையே மாற்றும் வேலையில் என்னை இழுத்துவிட்டது. மழை[3, 7] என்றால் மூன்றாம் மாதமா, மூன்றாம் மானியா? மாற்றிப் போட்டாலும் ஏதோ ஓர் எண் வந்துவிடும், பிழை காட்டாது. இரண்டு வாரம் தப்பான வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபோக்காக நான் எழுதிவரும் சின்ன நிரல்மொழியில் மழை[மாதம்=3, மானி=7] என்று எழுத வழிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபங்ஷன் அழைப்பில் பெயர் சொல்லி மதிப்பு கொடுக்க இருந்த விதியையே சதுர அடைப்புக்கும் கொடுத்தேன். பார்சர் (நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) வேலை ஒரே மாலையில் முடிந்தது.

ஃபங்ஷனாகவே எழுதிவிட்டுப் போயேன் என்றான் நண்பன். மதிப்பை எடுக்க அது சரி. வைக்க? அழைப்பைச் சமக்குறிக்கு இடப்பக்கம் போட முடியாதே. பைத்தான் மொழியில் எக்ஸ்அரே (பரிமாணங்களுக்குப் பெயர் வைக்கும் நூலகம்) பயன்படுத்துகிறவர்கள் இதற்காகவே பெயர்-மதிப்பு ஜோடிகள் கொண்ட ஒரு டிக்‌ஷனரியை அடைப்புக்குள் திணிக்கிறார்கள்.

மறுநாள்தான் உண்மையான சிக்கல். என் மொழி பைத்தானைப் பார்த்து வளர்ந்தது. அங்கே மழை[3, 7] என்பது இரண்டு ஆர்குமென்ட் (உள்ளீடு) இல்லை, ஒரே டப்பிள் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒற்றைப் பொதி). அப்படியானால் மழை[மாதம்=3] என்று பெயர் மட்டும் வரும்போது, பெயரில்லாத இண்டெக்ஸ் வர வேண்டிய இடத்தில் எதை அனுப்புவது?

பைத்தானுக்கே இந்த வசதியைக் கேட்டு 2014-இல் பெப் 472, 2020-இல் பெப் 637 என இரண்டு முன்மொழிவுகள் வந்தன (பெப் என்பது பைத்தானை மாற்றக் கோரும் ஆவணம்). இரண்டாவதைப் படித்தேன். காலி டப்பிளை அனுப்பு என்கிறது. ‘எதுவுமில்லை’ என்பதைக் குறிக்கும் None-ஐ அனுப்பலாமே என்றால், எண் அணிகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தில் அதற்குப் புது அச்சு (பரிமாணம்) சேர் என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறது. காலி டப்பிள் என்றால் அங்கே முழு அணியும் வரும்; ‘எதையும் வெட்டவில்லை’ என்பதற்கு அது பொருத்தம்தான். கடைசியில் 2021-இல் அந்த முன்மொழிவும் நிராகரிக்கப்பட்டது: கிடைக்கும் பலனுக்கு மொழியில் ஏறும் சிக்கல் அதிகமாம்.

என் மொழிக்குப் பயனர் ஒருவர்தான், நானே. அதனால் துணிந்து டப்பிள் வழக்கத்தையே உடைத்தேன். இனி சதுர அடைப்பும் ஃபங்ஷன் அழைப்பு மாதிரிதான். டப்பிளைச் சாவியாக வைத்திருந்த நாலு இடம் படுத்துவிட்டது. அங்கெல்லாம் உள்ளே இன்னொரு அடைப்பு போட்டேன்.

அப்புறம் ஒரு கூத்து. இன்னோர் அட்டவணையில் ‘மதிப்பு’ என்றே ஓர் அச்சு இருந்தது. விலை[மதிப்பு=5] = 10 என்றதும், ‘மதிப்பு இரண்டு முறை வந்திருக்கிறது’ என்று திட்டு. வைக்க வேண்டிய எண்ணை வாங்கும் உள் மெத்தடிலும் நான் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன்! பைத்தான் 3.8 முதல், ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஆர்குமென்ட் பட்டியலில் சாய்கோடு (/) போட்டால் அதற்கு முன்னுள்ளவை பெயரால் அல்ல, இடத்தால் மட்டுமே வாங்கப்படும். அந்த யோசனையைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

பழைய ஸ்கிரிப்டுகளைப் பெயர் வைத்து மாற்றியபோது மாதமும் மானியும் இடம் மாறிய இன்னும் இரண்டு வரி கிடைத்தது. வரைபடத்தை மறுபடி போட வேண்டும்.