சமையலறையில் மட்டும் அடிக்கும் உறுமி

என் மாமனாருடைய போன் அடிக்கவில்லை என்றால் விவகாரம் வீட்டோடு நிற்காது. செம்பனைக் காட்டுக்கும், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கும், போய்விடும்.

தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்களின் பழக்குலைகளை லாரியில் ஏற்றிவிடும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். (ஊருக்கு 2007-இல் பெயர் மாற்றினார்கள். மாமாவின் வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். நாள் தள்ளினால் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், விலையில் கை வைப்பார்கள். லாரிக்காரர் கூப்பிடும்போது மாமா எடுக்கவில்லை என்றால் குலைகள் சாலையோரத்திலேயே கிடக்கும். அதன் பிறகு வருகிற அழைப்புகள் எந்த மொழியில் இருந்தாலும் அவற்றில் மரியாதை இருக்காது.

இத்தனைக்கும் அவர் வைத்திருக்கிற ரிங்டோன் உறுமி மேளம். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அடிக்கிற அதே அடி. மோட்டாரில் போகும்போதும் கேட்க வேண்டும் என்று தேடிப்பிடித்து வைத்தது. அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போய் தம் போனைத் தேடுவார். அப்படிப்பட்ட உறுமி, சில மாதங்களாக, நினைத்தால் அடித்தது, நினைத்தால் ஊமையானது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அத்தை. வைரஸ் என்றான் மச்சான். அவனுக்கு எது கெட்டாலும் வைரஸ்தான், போன மாதம் தண்ணீர் மோட்டாருக்கும் அதையே சொன்னான். அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று எதிர்வீட்டு அக்கா சொல்ல, போன் ஒரு ராத்திரி முழுக்க அரிசி டின்னுக்குள் கிடந்தது. விடிவதற்குள் டின்னுக்குள்ளிருந்து உறுமி அதிர்ந்ததாம். நோய் தீர்ந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எடுத்துத் துடைத்து ஹாலில் கொண்டுபோய் வைத்தார்கள். பத்து மணிக்குள் லாரிக்காரரின் தவறிய அழைப்புகள் சிவப்பாக வரிசை கட்டி நின்றன.

கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் சீனத் தவ்கே நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் பேசுவார். போனின் அடிப்பக்க ஓட்டைகளைச் சின்ன பிரஷ் வைத்துத் தேய்த்தார். செம்பனை நார் ஒன்று வந்தது. மாமா அதைப் பார்த்து, "இதான் சனியன்" என்றார். தவ்கே அங்கேயே தம் போனிலிருந்து கூப்பிட்டுக் காட்ட, கடையே அதிர உறுமி அடித்தது. பத்து வெள்ளி. வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடியும் கடைக்கு எடுத்துப் போனால், கடையில் அடிக்கிறது. தவ்கே இரண்டாவது முறை காசு வாங்கவில்லை. போனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாமாவின் காதைப் பார்த்தாராம். மாமாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து நாங்கள் போனபோது வழக்கு என்னிடம் வந்தது. நான் பார்ப்பது கணக்கு வேலை. ஆனாலும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்பதால், மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்பது மாமா வீட்டில் எழுதப்படாத சட்டம்.

"அலாரம் அடிக்குதா மாமா?"

"நாலரைக்கு டாண்ணு அடிக்குது மாப்ள."

"மின்னல் எஃப்எம்?"

"காலையில அதைக் கேட்டுத்தான் பசியாறுறேன்."

அப்படியானால் ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது. அது செத்திருந்தால் அலாரமும் வானொலியும் சேர்ந்துதான் செத்திருக்கும். கோளாறு போனின் உடம்பில் இல்லை, செட்டிங்கில் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 வந்த 2018-லிருந்து பல போன்களில் ஒரு குறுக்குவழி உண்டு: பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் மணி நின்று வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். இறுக்கமான உறையும் சட்டைப் பையுமே அந்த வேலையைச் செய்துவிடும் என்பதால் முதல் சந்தேகம் அதன்மேல். ஆனால் மாமாவின் போன் அதிரக்கூட இல்லை. அடுத்து, 'தொந்தரவு செய்யாதே'. அது ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் திரும்பக் கூப்பிட்டால் அவசரம் போலிருக்கிறது என்று வழக்கமாக மணியை அடிக்க விடும். நான் அடுத்தடுத்துக் கூப்பிட்டேன். ஊமை. பேரனுடைய புளூடூத் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகிறதோ என்று பார்த்தால், அந்த ஸ்பீக்கரைப் பேரன் எப்போதோ தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டானாம்.

மேல் மூலையில் மணிப் படத்தின் குறுக்கே கோடு விழுந்திருந்தது. தட்டினேன், கோடு போனது, உறுமி அடித்தது. அத்தை தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார். குடித்து முடித்துப் போனைப் பார்த்தால், கோடு திரும்பவும் அங்கேயே இருந்தது.

"யார் தொட்டது?"

யாரும் தொடவில்லை. பேரன் மேல் ஒரு சந்தேகப் பார்வை விழுந்தது, ஆனால் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அத்தை, காலி கிளாஸை எடுத்துக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னார்: "சமையல்கட்டுல வெச்சா அடிக்குது தம்பி. ஹால்லதான் வம்பு பண்ணுது."

"அங்க போனா உங்க அத்தைக்குப் பயந்துக்கிட்டு அடிக்குது" என்றார் மாமா.

எனக்கு அரிசி டின் ஞாபகம் வந்தது. அது சமையலறையில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் அடிக்கிறது, சமையலறையில் அடிக்கிறது, ஹாலில் பெரும்பாலும் அடிப்பதில்லை. ஆக, கோளாறு நேரத்தைப் பார்த்து வரவில்லை, இடத்தைப் பார்த்து வருகிறது.

போனை மாமாவின் உள்ளங்கையில் வைத்து, ஒரு விரலும் படக்கூடாது என்று சொல்லி, இருவரும் வாசலில் இறங்கித் தெருவில் நடந்தோம். கடைத்தெருப் பக்கம் போனபோது கொஞ்ச நேரத்தில் கோடு தானாக மறைந்தது. திரும்பி வந்து, வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளியிருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நின்றோம். மாமா பிரசாதத்தை ஏந்துவதுபோல் போனை ஏந்தியிருந்தார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் கண்ணெதிரே, யாரும் தொடாமல், மணியின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்தது.

மாமா கோபுரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டார்.

செட்டிங்கில் தேடினால் கிடைத்துவிட்டது. குறிப்பிட்ட இடத்துக்குள் நுழைந்தால் சத்தத்தை நிறுத்து, வெளியே வந்தால் பழையபடி வை என்று சில போன்களில் சொல்லிவைக்கலாம். 'கோயில்' என்ற பெயரில் அப்படி ஒன்று இருந்தது. வரைபடத்தில் கோயிலைச் சுற்றி ஒரு நீல வட்டம், அந்த வட்டத்துக்குள் மாமா வீட்டின் முன்பாதியும் அகப்பட்டிருந்தது. தகரக் கூரைக்கடியில் போனுக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, தான் நகர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால் ஒருநேரம் வட்டத்துக்குள், ஒருநேரம் வெளியே. கடைக்குப் போனால் எல்லாமே சரியாகிவிடும், தவ்கே பாவம் எதைக் கண்டுபிடிப்பார்?

"இதைப் போட்டது யாரு?"

அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு கதை வந்தது.

ஆடி வெள்ளி. தீபாராதனை நேரம், மணியோசை நின்று எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். மாமாவின் சட்டைப் பையில் உறுமி கிளம்பியது. மாமா பையைத் தடவுகிறார், கண்ணாடியை எடுக்கிறார், போன் வரவில்லை. மூன்றாவது அடிக்கு முன்வரிசையில் நின்ற ஒரு பாட்டிக்கு அருள் வந்துவிட்டது. பூசாரிக்குத் தர்மசங்கடம். மேளக்காரர்கள் யாரும் வரவில்லை, ஆனால் மேளம் கேட்கிறது, பாட்டி ஆடுகிறார். விபூதி போடலாமா, போனை நிறுத்தச் சொல்லலாமா? லாரிக்காரர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் பாட்டியும் விடாமல் ஆடினாராம். கடைசியில் மாமா போனோடு வெளியே ஓட, பாட்டி சட்டென்று நின்று, தண்ணீர் கேட்டார்.

"மானம் போச்சு தம்பி. கோயில் கணக்கு எழுதுற பையன்கிட்ட குடுத்து, உள்ள போனா அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நம்ம ஹாலும் கோயில்ல சேர்த்தின்னு நான் கண்டேனா?"

மாமா இந்தக் கதை முழுவதையும் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

வட்டத்தை அழித்துவிட அத்தை சம்மதிக்கவில்லை. பாட்டி இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாராம். அதனால் வட்டத்தின் நடுப்புள்ளியைக் கோயிலுக்கு அந்தப் பக்கம், திடல் இருக்கிற திசையில் தள்ளி வைத்தேன். சாமி சன்னதி உள்ளே, எங்கள் ஹால் வெளியே. அன்று சாயந்திரம் லாரிக்காரர் கூப்பிட, ஹாலில் உறுமி அடித்தது. பேரன் எழுந்து அழுதான்.

நாங்கள் கிளம்பும்போது மாமா காரின் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். அத்தை முருங்கைக்கீரையைக் கட்டிக் கொண்டுவர உள்ளே போயிருந்தார்.

"மாப்ள, அந்த வட்டத்தை ஒட்டுக்கடைக்கும் ஒண்ணு போட முடியுமா? அங்க உக்காந்தாத்தான் உங்க அத்தை கூப்பிட ஆரம்பிக்கிறா."

போட்டேனா இல்லையா என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. இதை அத்தையும் படிப்பார்.