சியாங் மாயில் குளிர்காலம்: டி.எம். 30 ரசீதை முதல் வாரமே கையில் வாங்கிவிடுங்கள்

ஜனவரி 30 வரை தங்கலாம் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. டிசம்பர் பிறந்ததிலிருந்து அதுவரை எனக்கும் என் மனைவிக்கும் சரியான தூக்கமில்லை. நம்மூரிலிருந்து குளிர்காலத்துக்குத் தாய்லாந்து வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். டிக்கெட், அறை வாடகை, பிளைட் எது மலிவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வட தாய்லாந்திலுள்ள சியாங் மாயில் எங்களை அலைய வைத்த டி.எம். 30 என்ற ஒரே ஒரு தாளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வந்தபோது, 2024 ஜூலை 15 முதல் வந்த விதிப்படி இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்க முடிந்தது. (இந்த விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) நாங்கள் 2024 நவம்பர் 2 அன்று பாங்காக்கில் இறங்கினோம், டிசம்பர் 31 வரை கொடுத்தார்கள். மேலும் 30 நாள் வேண்டுமென்றால் குடிநுழைவு அலுவலகத்தில் டி.எம். 7 படிவம், 4×6 செ.மீ. போட்டோ, பாஸ்போர்ட் நகல், 1,900 பாட் பணம் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுவரை உண்மைதான். ஆனால் நீங்கள் எந்த வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. அந்த அறிவிப்புதான் டி.எம். 30. அந்த ரசீது இல்லாமல் எங்கள் நீட்டிப்பு மனுவைத் தொடவே இல்லை.

ஓட்டலில் தங்கினால் கவலையில்லை, அவர்களே பதிந்துவிடுவார்கள். தனியார் காண்டோவில் மாத வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. எங்கள் அறையின் உரிமையாளர் லாம்பாங் என்ற வேறு ஊரில் இருக்கிறார். அறையைக் காட்டியது, அட்வான்ஸ் வாங்கியது, சாவி கொடுத்தது எல்லாம் ஒரு ஏஜென்ட். சாவி வாங்கிய அன்றே டி.எம். 30 பற்றிக் கேட்டேன். “முடிந்துவிட்டது சார், கவலைப்படாதீர்கள்” என்று லைன் ஆப்பில் செய்தி அனுப்பினார். ரசீதை அனுப்புங்கள் என்றேன். ஒரு பூப்படம் வந்தது, ரசீது வரவில்லை.

அதற்குள் திருவிழா வந்துவிட்டது. நவம்பர் 15 பௌர்ணமி, நம்மூரில் ஐப்பசி அன்னாபிஷேகம். இங்கே ஆற்றில் விளக்கு மிதக்கவிடும் லோய் க்ராதோங், வடக்கத்தியர்களுக்குக் கூடவே வானவிளக்கு விடும் யீ பெங். அக்டோபர் தொடக்கத்தில்தான் பிங் ஆறு ஊருக்குள் புகுந்திருந்தது. நைட் பஜார் பக்கம் சுவர்களில் சேற்றுக்கோடு அப்போதும் அழியவில்லை. அதே ஆற்றுக்குத்தான் ஊரே விளக்கேந்தி வந்தது. எங்கள் காண்டோ அலுவலகத்தில் இருக்கும் அக்கா, வாசலிலேயே மேசை போட்டு எல்லோருக்கும் க்ராதோங் எனும் அந்த மிதக்கும் விளக்கைக் கட்டக் கற்றுக்கொடுத்தார். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி அடியில் வைக்கிறார்கள். வாழையிலைக் கீற்றை முக்கோணமாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குண்டூசி குத்தி, சுற்றிலும் இதழ் போல நிறுத்துகிறார்கள். நடுவில் சாமந்தி, மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி. என் மனைவி இரண்டாவது மடிப்பிலேயே பிடித்துக்கொண்டாள். அக்கா அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அன்று உண்டான அந்தப் பழக்கம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

வானவிளக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஊருக்கு வெளியே நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் ஆயிரக்கணக்கான பாட். நாங்கள் நவராத் பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நின்றே வயிறு நிறையப் பார்த்தோம், காசு செலவில்லை. அந்த இரவுகளில் விமானங்களை ரத்து செய்வார்கள் அல்லது நேரம் மாற்றுவார்கள், அதனால் அந்தத் தேதிகளில் பிளைட் போடாதீர்கள்.

டிசம்பர் வந்ததும் படிவங்களோடு அலுவலகம் போனோம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். கணினியைப் பார்த்துவிட்டு, “உங்கள் முகவரி பாங்காக் ஓட்டல் என்று இருக்கிறதே” என்றார். இறங்கிய அன்று தங்கிய ஓட்டல் அது! அவர்கள் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்கள். அதன்பிறகு யாருமே எதையும் பதியவில்லை. சியாங் மாயில் நாங்கள் இருப்பதற்கு அரசிடம் ஒரு தடயமும் இல்லை.

ஏஜென்டுக்குப் போன் செய்தால், அது உரிமையாளர் செய்ய வேண்டியது என்கிறார். உரிமையாளரோ, அதற்கும் சேர்த்துத்தானே அவருக்குக் கமிஷன் கொடுத்தேன் என்கிறார். இடையில் நாங்கள். ஒருவழியாக ஏஜென்ட், “நாளைக் காலை அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், நான் தாள்களோடு வருகிறேன்” என்றார். போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. டிசம்பர் 10, அரசமைப்புச் சட்ட நாள், அரசு விடுமுறை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து இதே தொழில் செய்கிறவர் அவர். எங்களை வெயிலில் நிறுத்திவிட்டு அவர் வரவும் இல்லை, போனையும் எடுக்கவில்லை. எழுதும்போதே இப்போதும் கோபம் வருகிறது.

டிசம்பரில் வேலை வைத்திருப்பவர்கள் விடுமுறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மறைந்த மன்னர் பூமிபோலின் பிறந்தநாளான 5, பிறகு 10, ஆண்டின் கடைசி நாள், புத்தாண்டு. கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் தொலைந்தோம். ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் நாளுக்கு 500 பாட் அபராதம், பாஸ்போர்ட்டில் பதிவும் ஏறும். முன்னாலேயே போனால் நாள் வீணாகுமோ என்று பயப்பட வேண்டாம். புதிய 30 நாள், பழைய கெடு முடியும் நாளிலிருந்துதான் கணக்கு.

ஏஜென்டை விட்டுவிட்டு அலுவலக அக்காவிடம் போனோம். அவர் உரிமையாளரை நேரடியாகக் கூப்பிட்டு, தாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். இரண்டு நாளில் லாம்பாங்கிலிருந்து எல்லாம் வந்துவிட்டது: உரிமையாளரின் அடையாள அட்டை நகல், தபியன் பான் எனும் நீலநிற வீட்டுப் பதிவேட்டின் நகல், அவர் சார்பில் நாங்களே கொடுக்கலாம் என்ற அதிகாரக் கடிதம். ஒவ்வொரு நகலிலும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அது முக்கியம். பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக்காரரை, கையெழுத்தில்லாத நகலுக்காகத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். தாமத அபராதம் சட்டப்படி 2,000 பாட் வரை போகலாம். எங்களிடம் 800 வாங்கினார்கள். டி.எம். 30 ரசீதைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுத்தபோது என் மனைவி அந்தக் கவுன்டர் பெண்ணுக்கு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். அதன்பிறகு நீட்டிப்பு காலையில் கொடுத்து மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை. நீட்டிப்புக்குப் போகும் முந்தைய வாரத்தில் வேறு ஊருக்குப் போய் ஓட்டலில் தங்காதீர்கள். அந்த ஓட்டல் உங்களைப் பதிந்தால் கணினியில் கடைசி முகவரி அதுவாகிவிடும். அதனாலேயே சுகோதாய் பயணத்தைத் தள்ளிவைத்தோம்.

ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களுக்கு நடுவே டிசம்பர் 13, திருக்கார்த்திகை. யீ பெங்குக்கு இங்கே பாங் பிரதீப் என்று சின்ன மண் அகல் விற்பார்கள். வாரோரோட் சந்தையில் வாங்கியது மிச்சமிருந்தது. பால்கனியில் வரிசையாக ஏற்றினோம். அக்கா மாடியேறி வந்து, திருவிழாதான் முடிந்துவிட்டதே என்று கேட்டார். எங்கள் ஊரில் இன்றுதான் என்றதும் அவரும் ஒன்று ஏற்றினார்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம். நாங்கள் சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதிய ‘ஜே’ எனும் தாய் சைவக் கடைகளை நம்பிப் போகலாம், மீன் சாறும் முட்டையும் இருக்காது. மற்ற கடைகளில் ‘மை சாய் நாம் பிளா’ என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் காய்ப் பொரியலிலும் மீன் சாறு விழும். வடக்கத்திய கௌ சோய் ஜே கடையில் காளானும் டோஃபுவும் போட்டுக் கிடைக்கிறது. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், எலுமிச்சை. ஊறுகாயை மொத்தமாகக் கொட்டிக் கலக்காமல் வாய்க்கு வாய் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஞாயிறு மாலை தா பே வாசலிலிருந்து நீளும் நடைச் சந்தையில் கனோம் க்ரோக் விடாதீர்கள். நம் குழிப்பணியாரச் சட்டி போலவே இருக்கும் சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடுகிறார்கள். ஓரம் முறுகலாகவும் நடு இன்னும் இளகியும் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும், ஆறினால் ருசி போய்விடும். காலைக் குளிரில் மூங்கிலில் சுட்ட ஒட்டரிசியான கௌ லாம் சூடாகக் கிடைத்தால், எனக்கு வேறு டிபன் வேண்டாம்.

ஜனவரி மூன்றாம் வாரக் கடைசியில் போ சாங் குடைத் திருவிழா. அதைப் பார்த்துவிட்டு மாதக் கடைசியில் கிளம்புகிறோம். பிப்ரவரியில் வயல்களையும் காட்டையும் எரிக்கும் புகை சூழ ஆரம்பித்துவிடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அதற்குமேல் இருக்கவே கூடாது.

அட்வான்ஸ் இன்னும் அந்த ஏஜென்டிடம்தான் இருக்கிறது. 800 பாட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்று உரிமையாளரை வைத்தே எழுத்தில் கேட்டிருக்கிறேன். அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.