பக்கம் 'பககம்' ஆன கதை: லினக்ஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025, சனி

செவ்வாய்க்கிழமையோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது. என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 இதைச் சேர்த்துக்கொள்ளாது. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, மெய்ப்பு பார்ப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தம்பிக்குப் போன் போட்டேன். "லினக்ஸ் மின்ட் போடுக்கா. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதுதான் லேசா இருக்கும்" என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமாம். நீ போட்டுப் பார்த்திருக்கிறாயா என்றால் சிரிக்கிறான். பள்ளியில் அவனுக்குக் கிடைத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. ஒரு நாளும் அதைத் திறந்ததில்லையாம். நல்ல ஆலோசகன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏறக்குறைய 3 ஜிபி கோப்பு. இறங்கி முடிய மதியம் ஆகிவிட்டது. ரூஃபஸ் என்ற நிரலை வைத்துப் பென்டிரைவில் ஏற்றி, எஃப்12 அழுத்தி அதிலிருந்தே தொடங்கினேன். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஒலி வந்தது, திரை வெளிச்சம் கூடிக் குறைந்தது. வைஃபை மட்டும் இல்லை. போனை யூஎஸ்பி கம்பியில் மாட்டி அதன் இணையத்தைக் கொடுத்ததும், டிரைவர் மேனேஜர் வைஃபைக்கு வேண்டியதைத் தானே காட்டியது.

எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விண்டோஸை அழிக்கத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்குத்தான் உண்மையான சோதனை. எனக்குத் தமிழ்99 தவிர வேறு தட்டச்சு தெரியாது. விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்று இருந்தது. ஆகா என்று சேர்த்தேன். 'பக்கம்' என்று அடித்தால் 'பககம்' என்று நிற்கிறது!

தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பதினைந்து வருடமாக விரல் அதை நம்பியே ஓடுகிறது. இங்கே ஒவ்வொரு புள்ளியையும் நானே வைக்க வேண்டும். இரண்டு பத்தி அடிப்பதற்குள் எரிச்சல் வந்து விண்டோஸுக்கே போய்விட்டேன். அங்கே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இது வேறு.

அக்டோபர் 16, வியாழன்

பிடிபட்டது. அந்த விசைப்பலகை அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்க்காது. அதைப் பார்க்க உள்ளீட்டு முறை என்று தனி நிரல் வேண்டும். ஐபஸ், அதோடு ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, வெளியேறி மறுபடி நுழைந்தேன். பட்டியலில் தமிழ்99. பக்கம், அம்மா, சட்டம், தொப்பை என்று ஒரு பக்கம் நிறைய அடித்துத் தள்ளினேன்.

கடிகாரமும் சரியானது. வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் ஊருக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. கட்டளை அடிக்கும் முனையத்தில் ஒரே ஒரு வரி, முடிந்தது.

அக்டோபர் 18, சனி

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்றைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்து. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதில் லினக்ஸின் குற்றம் ஒன்றுமில்லை. பாமினி கோப்பில் இருப்பது எப்போதுமே ஆங்கிலக் குறியீடுதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துருவை நிறுவியதும் தமிழாகத் தெரிந்தது. ஆனாலும் 'அம்மா' என்று தேடினால் கிடைக்காது. விண்டோஸிலும் கிடைத்ததில்லை, நான்தான் கவனிக்கவில்லை. தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்ற வேண்டியவை நாற்பது கோப்புகள் இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கணினியைத் தொடவில்லை.

அக்டோபர் 25, சனி

பதிப்பகம் அனுப்பிய 212 பக்க வேர்டு கோப்பு, மின்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் 219 பக்கமாகத் திறக்கிறது. அவர்கள் பயன்படுத்திய எழுத்துரு என்னிடம் இல்லாததால், வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்க எண் சொல்லித்தான் பிழைத்திருத்தம் அனுப்ப வேண்டும், என்ன செய்ய? பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். "ஏன் மேடம், கம்ப்யூட்டர் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன், விளக்கப் போனால் காபி ஆறிவிடும்.

நவம்பர் 2, ஞாயிறு

212 பக்கமும் முடித்து அனுப்பியாயிற்று. விண்டோஸ் பக்கம் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. அதை அழித்தால் நல்ல இடம் கிடைக்கும். பாமினி கோப்புகளில் பதினொன்றுதான் மாற்றியிருக்கிறேன். மீதி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தம்பி காலையில் போன் செய்தான். அவன் மடிக்கணினியிலும் மின்ட் போட வேண்டுமாம். வந்து போட்டுத் தருவாயா அக்கா என்கிறான்.